தாதும் அரிசியும்: வொல்ஃப்காங் லைப்பின் கலையில் தாவரத்தின் இடம்

தாவரத்தைத் தம் ஓவியத்திற்குப் பாடுபொருளாகக் கொண்ட கலைஞர்கள் எந்நாட்டிலும் பலர் உளர். தாவரத்தின் ஒரு கூற்றையே எடுத்து, அதனை வேறொன்றாக மாற்றாமல், படைப்பாகவே வைத்தோர் மிகச் சிலர். ஜெர்மானியக் கலைஞர் வொல்ஃப்காங் லைப் அச்சிலருள் முதன்மையானவர். 1977ஆம் ஆண்டு தொடங்கித் தம் ஊரைச் சூழ்ந்த புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் பூந்தாதைத் தம் கையாலேயே சேகரித்து, அதனை அருங்காட்சியகத் தரையில் சல்லடையால் சலித்துப் பரப்பி வைப்பதை அவர் தம் கலையாகக் கொண்டுள்ளார். அரிசியும் அவர் படைப்புகளில் இடையறாது இடம்பெறும் மற்றொரு தாவரப் பொருளாகும். தாதையும் அரிசியையும் அவர் ஒரே வகையில் நடத்துகின்றாரா என்னும் வினா இதுவரை போதிய அளவில் எழுப்பப்படவில்லை. மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் பணியகம் அமைத்துக்கொண்டவர் அவர் என்பதால், இவ்வினாவைத் தமிழ்ப்புலத்திலிருந்து எழுப்புவதற்குத் தனி நியாயம் உண்டு.

லைப் 1950இல் தென் ஜெர்மனியின் மெட்சிங்கன் நகரில் பிறந்தவர். தந்தையார் மருத்துவர். தாமும் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1974இல் படிப்பை நிறைவு செய்தார். எனினும் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளவில்லை. அவர் மருத்துவ ஆய்வேடு இந்தியச் சிற்றூர்களின் குடிநீரைப் பற்றியது. மாணவப் பருவத்திலேயே சமஸ்கிருதம் பயிலத் தொடங்கியவர். முட்டை வடிவில் செதுக்கிய கருங்கல் ஒன்றுக்குப் ‘பிரம்மாண்டம்’ எனப் பெயரிட்டார். 1975இல் ‘பாற்கல்’ உருவாயிற்று. வழவழப்பாக்கப்பட்ட வெண்பளிங்குப் பலகையின் மேற்பரப்பு மிக நுண்ணிய அளவில் குழிக்கப்பட்டு, அக்குழியில் பால் நிரப்பப்படுகிறது. கல்லும் பாலும் ஒன்றாகத் தோன்றும். நாள்தோறும் பழைய பாலை அகற்றிக் கல்லைத் துடைத்துப் புதுப்பால் வார்க்க வேண்டும். 1982இல் வெனிசு ஈராண்டுக் கலைவிழாவில் ஜெர்மனியின் சார்பில் பங்கேற்றோருள் ஒருவராக அவர் உலக அரங்கில் அறிமுகமானார். 2015இல் சிற்பத்துறைக்கான பிரீமியம் இம்பீரியாலே என்னும் ஜப்பானிய விருதைப் பெற்றார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவே இங்குப் போதும்.

லைப்பைப் பற்றிய திறனாய்வுகளுள் பெரும்பகுதி இரண்டு வழிகளில் செல்கின்றது. ஒன்று அவரைக் கீழைநாட்டு மெய்யியலின் மேலைநாட்டுத் தூதராகக் காண்கிறது. பாற்கல்லை அபிடேகமாகவும், தாதுப் பரப்பைத் தியான மண்டலமாகவும் விளக்குகிறது. மற்றொன்று அத்தாதுப் பரப்பை மார்க் ராத்கோ முதலியோரின் வண்ணப்புல ஓவியத்தின் வாரிசாகக் காண்கிறது; சுவரிலிருந்து தரைக்கு இறங்கிய மஞ்சள் ஓவியம் என மொழிகிறது. முதல் வழியினர் தாதைக் கடந்து கடவுளிடம் செல்கின்றனர்; இரண்டாம் வழியினர் தாதைக் கடந்து நிறத்திடம் செல்கின்றனர். இருசாராரும் எந்தச் செடியின் தாது என்று நின்று கேட்பதில்லை. லைப்போ, தம் படைப்பின் தலைப்பிலேயே அதனைத் தவறாமல் சொல்லி வைக்கிறார்: ‘ஹேசல் தாது’, ‘பைன் தாது’, ‘டாண்டிலியன் தாது’. மகரந்தம் தாவர வாழ்வின் தொடக்கம், அதனினும் மேலான விளக்கம் அதற்கு வேண்டியதில்லை எனப் பொருள்பட அவர் பேசியும் வந்துள்ளார்.

இவ்விடத்தில் தொல்காப்பியம் துணை செய்கிறது. உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களனாகக் கொள்ளும் என்று அகத்திணையியல் வகுக்கும்போது, கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் விலக்கி வைக்கிறது. இவ்விலக்கின் காரணம் பற்றி உரையாசிரியர் கூறுவன ஒருபுறம் இருக்க, திறனாய்வுக்கு அது தரும் நெறி தெளிவானது. மரம், பூ, புள், விலங்கு ஆகியவற்றின் இயல்பை நுணுகி அறிந்த பின்னரே அவற்றினுள் உறையும் பொருளைத் தேட இயலும். தெய்வத்தை முன்னிறுத்தினால் அந்நுணுக்கம் வேண்டாததாகிவிடும். திணைக் கோட்பாட்டைச் சூழலியல் திறனாய்வுக்குரிய கருவியாக நிர்மல் செல்வமணி போன்றோர் வளர்த்தெடுத்துள்ளமையால், ஜெர்மானிய மேட்டுநிலத்துப் பூவொன்றைத் திணைநெறியில் காண்பது இன்று புதுமையன்று. ஆயினும் குறிஞ்சி, முல்லை என்னும் பெயர்களை அந்நிலத்தின்மேல் ஒட்டுவது வீண்செயல். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் கேட்டல், கருப்பொருளின் இயல்பைக் கேட்டல் என்னும் முறையை மட்டும் கொள்வதே தகும்.

அம்முறையில் கேட்டால், லைப்பின் ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. ஹேசல் புதர் இலை விடுவதற்கு முன்னரே பூக்கும் இயல்பினது. குளிர் முற்றும் நீங்காத நாள்களில் அதன் ஆண் மஞ்சரிகள் மஞ்சள் வால்களைப் போலக் கிளைகளில் தொங்கும்; பெண் பூவோ மொட்டின் நுனியில் தோன்றும் சில செந்நிற இழைகளே. காற்றே இதற்குத் தூது. இலை இருப்பின் காற்றைத் தடுக்கும் என்பதால் இலைக்கு முந்திப் பூக்கிறது என்பர் தாவரவியலார். ஒரு மஞ்சரியிலேயே பல இலட்சம் தாதுத் துகள்கள் உண்டு; ஆனால் அத்தனையும் கைவிரலால் தட்டிக் கிண்ணத்தில் சேர்த்தால் அடியில் ஒரு படலமாகவே தங்கும். ஹேசலுக்குப் பின் வசந்தத்தில் டாண்டிலியனும் பிற புல்வெளிப் பூக்களும், அவற்றின் பின் கோடைத் தொடக்கத்தில் பைனும் வருகின்றன. பைன் தாதின் ஒவ்வொரு துகளும் இரு காற்றுப் பைகளை உடையது. காடு பூக்கும் நாளில் குளங்களின் மேல் மஞ்சள் ஏடு படியும் அளவுக்கு அது பெருகும். டாண்டிலியன் இதற்கு நேர்மாறு. அதன் தாது பிசுபிசுப்பானது, பூச்சிகளின் உடலில் ஒட்டுவதற்கென அமைந்தது, அளவில் அருகியது, நிறத்தில் செம்மை கலந்த ஆழ்ந்த மஞ்சள். பல மாத உழைப்பு சில கண்ணாடிக் குப்பிகளில் அடங்கிவிடுகிறது. அக்குப்பிகளையே வரிசையாக அடுக்கிக் காட்சிப்படுத்துவதும் உண்டு. அவ்வாறு அடுக்கும்போது மஞ்சள் என்று ஒரு சொல்லால் கூறியது பல மஞ்சள்களாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். பெரும்பொழுதின் பகுப்புகளே குப்பிகளாக நிற்கின்றன என்பது பொருந்தும்.

2013இல் நியூயார்க்கு நவீன கலை அருங்காட்சியகத்தின் நடுமண்டபத்தில் பரப்பப்பட்ட ‘ஹேசல் தாது’ ஏறத்தாழ 18 அடிக்கு 21 அடி அளவினது. அதுவரை அவர் செய்த தாதுப் படைப்புகளுள் மிகப் பெரியது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து சேர்த்து வைத்த தாது அதற்குத் தேவைப்பட்டது. காட்சி முடிந்தபின் தாதைத் திரும்பக் கூட்டிச் சேர்த்துத் தூசி நீக்கி மீண்டும் குப்பிகளில் இடுவது வழக்கம். ஆகவே ஒரு தாதுப் பரப்பின் முன் நிற்பவர் ஓராண்டின் பூவைக் காணவில்லை. பல ஆண்டுகளின் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த காலத்தைக் காண்கிறார். ஓரங்கள் கூர்மையின்றி மங்கி முடிவதால், பரப்பு தரையில் கிடக்கிறதா, தரைக்குச் சற்றே மேலே நிற்கிறதா என்னும் மயக்கம் எழும். அம்மண்டபத்தில் பெருமூச்சுக்கும் இடமில்லை. ராத்கோவை நினைத்தவர்களைக் குறைகூற இயலாது; கண் முதலில் நிறத்தையே காணும். ஆனால் ஓவியத்திற்கு நேராத ஒரு கேடு இதற்கு நேரும். கதவைத் திறந்தால் கலைந்துவிடும். ஹேசல் எந்தக் காற்றுக்காகத் தாதை உண்டாக்கியதோ, அக்காற்றிடமிருந்தே அருங்காட்சியகம் அதனைக் காக்க வேண்டியுள்ளது.

இம்முரண் லைப்பின் கலையில் உள்ள உண்மையான இடர்ப்பாடு. அதனை அவர்தம் அன்பர்கள் எளிதில் கடந்து செல்கின்றனர். தொடக்கம் எனப் போற்றப்படும் தாது, இங்கு எதனையும் தொடங்குவதில்லை. குப்பியில் ஆண்டுக்கணக்கில் இருந்த துகளுக்குக் கருவூட்டும் ஆற்றல் எஞ்சியிராது. பண்டைத் தமிழ்ச் செய்யுளில் பூந்தாது பெரும்பாலும் உதிர்ந்து கிடப்பதாகவே வரும். தும்பியின் சிறகிலோ, மகளிர் கூந்தலிலோ, ஆயர் மன்றத்து மண்ணிலோ படிந்திருக்கும். ஆயர் மன்றத்தைக் குறிக்கும் பழந்தொடர் ஒன்றில் தாது என்பதற்குப் பூந்துகள் எனவும் சாணத்தூள் எனவும் பொருள்கொள்ள இடமிருப்பது, அத்துகள் மண்ணின் வளத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதைக் காட்டும். எருவாதலும் பயனே. அருங்காட்சியகத் தாதுக்கு அப்பயனும் இல்லை. ‘தாது’ என்னும் சொல் பூந்துகளையும் கனிமத்தையும் உடற்கூறுகளையும் வினைப்பகுதியையும் ஒருங்கே குறிப்பது தமிழர் அறிந்ததே. லைப்பின் தாது, பூவிலிருந்து புறப்பட்டுக் கனிமத்தின் பக்கம் சென்றுவிட்டது என்று கூறின் மிகையாகாது.

எனினும் இக்குற்றச்சாட்டை முற்றிய தீர்ப்பாகக் கொள்ளுதல் கூடாது. தாவரத்தின் பக்கத்திலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஐரோப்பிய டாண்டிலியன் வகைகளுள் பல, கருவுறுதல் இன்றியே விதை தோற்றுவிக்கும் இயல்பின. அவற்றிற்குத் தாது தேவையில்லை. இருப்பினும் தாதை உண்டாக்குகின்றன, தேனீயும் வந்து அதனைக் கொள்கிறது. ஹேசலின் இலட்சக்கணக்கான துகள்களுள்ளும் செந்நிற இழையைச் சேர்வன விரல்விட்டு எண்ணத்தக்கவை; ஏனைய யாவும் மண்ணில் வீழ்வன. வீணாதல் தாதின் பிறவிக் குணம். கலைஞர் எடுத்துக்கொண்டது அவ்வீணின் ஒரு சிறு பங்கே. 1984இல் அவர் செய்த ‘ஏறக் கூடாத ஐந்து மலைகள்’ என்னும் படைப்பில் சில அங்குல உயரமுள்ள ஐந்து தாதுக் கூம்புகள் மட்டுமே இருந்தன. ஊதினால் அழியும் பொருளுக்கு மலை எனப் பெயரிட்டதில் நகைச்சுவை உண்டு. அளவு என்பதைப் பற்றிய தாவர நோக்கும் உண்டு. 2013இன் பெரும்பரப்பைவிட இவ்வைந்து கூம்புகளே அவர் கலையின் உச்சம் எனத் தோன்றுகிறது. பெரும்பரப்பு காண்பாரை வியக்க வைக்கிறது. கூம்புகளின் முன் அவர்கள் குனிய வேண்டியிருக்கிறது. பூவைக் காண்பதற்கும் குனியத்தான் வேண்டும்.

சேகரிக்கும் செயலைத் தேனீயின் தொழிலோடு ஒப்பிடுவது எளிது, பலரும் செய்துள்ளனர். தேன்மெழுகால் சுவர் அமைத்த அறைகளை லைப் பல இடங்களில் அமைத்திருப்பதும் (வாஷிங்டனின் பிலிப்ஸ் கலைக்கூடத்தில் 2013இல் நிலையாக ஒன்று அமைந்தது) இவ்வொப்புமைக்கு வலுவூட்டுகிறது. ஆனால் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் தும்பியை விளிப்பது அதன் உழைப்பைப் பாராட்டுவதற்கன்று. பல பூக்களை அறிந்தது அது. ஒன்றினின்று ஒன்றை வேறுபடுத்தவல்லது. ஆகவே சான்று கூறத் தகுதியுடையது. தருமியின் கதையும் நக்கீரர் வழக்கும் அப்பாட்டைச் சூழ்ந்து மதுரையிலேயே நிகழ்ந்தனவாக மரபு கூறுவது, லைப்பின் பணியகத்தை எண்ணும்போது நினைவுக்கு வராமற் போகாது. தும்பியின் பெருமை வேறுபாட்டறிவு. லைப்பிடம் அவ்வறிவு உண்டா என்பதே கேட்கத்தக்கது. தாதைப் பொறுத்தவரை ஐயத்திற்கிடமின்றி உண்டு என்பதை மேலே கண்டோம்.

அரிசிக்கு வருவோம். 1980களின் தொடக்கத்திலிருந்து அரிசி அவர் படைப்புகளில் இடம்பெறுகிறது. ‘அரிசி உணவுகள்’ என்னும் வரிசையில் பித்தளைத் தட்டுகளில் அரிசிக் குவியல்கள் வைக்கப்படும். அவற்றுள் ஒன்றில் மட்டும் அரிசிக்கு மாறாகத் தாது இருப்பதும் உண்டு. ‘அரிசி வீடு’ என்பது வீட்டின் கூரை வடிவை மட்டும் கொண்ட நீண்ட பளிங்குக் கல். அதன் அடியைச் சூழ அரிசி குவிக்கப்பட்டிருக்கும். இடைக்கால ஐரோப்பாவில் புனிதர் எலும்புகளை வைத்த பேழைகளையும், இசுலாமியர் கல்லறைகளையும் ஒருங்கே நினைவூட்டும் வடிவம் அது. பிற்காலப் படைப்பொன்றில் ஆயிரக்கணக்கான சிறு அரிசிக் குவியல்கள் தரை முழுதும் வரிசையாக நிற்க, இடையிடையே சில தாதுக் குவியல்கள் மஞ்சளாக நிற்கின்றன. இவை அழகியவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தட்டு வரிசையின் முன் நிற்கும் இந்தியர் எவரும் பந்தியையும் படையலையும் உடனே உணர்வர்.

ஆயினும் தலைப்புகளை நோக்குக. தாதுக்கு ஹேசல் என்றும் பைன் என்றும் பெயர் சொன்னவர், அரிசிக்கு அரிசி என்று மட்டுமே சொல்கிறார். எந்த நெல், எந்நிலத்தில் எப்பருவத்தில் விளைந்தது, பச்சரிசியா புழுங்கலா என்பன எழவே இல்லை. தமிழில் நெல், அரிசி, சோறு என்னும் மூன்று சொற்களும் மூன்று நிலைகளைக் குறிப்பன; ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் பொருள் கெடும். குறுவைக்கும் சம்பாவிற்கும் பருவம் வேறு, நாள் வேறு, மணி வேறு. ‘ஒன்பது கோள்களுக்கான அரிசி உணவு’ என்னும் படைப்பில் இக்குறை வெளிப்படையாகிறது. கோள்களுக்குத் தானியம் படைக்கும் வழக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளதே. அவ்வழக்கில் ஒவ்வொரு கோளுக்கும் ஒவ்வொரு தானியம்: ஞாயிற்றுக்குக் கோதுமை, திங்களுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, சனிக்கு எள் எனப் பகுத்தனர். வானத்தில் காணும் வேற்றுமையை மண்ணில் விளையும் வேற்றுமையால் எதிரொளிக்கும் முறை அது. சடங்கு என்பதோடு தாவர வகைப்பாடாகவும் அமைகிறது. லைப் அவ்வொன்பதையும் ஒரே அரிசியாக்கிவிட்டார். வடிவத்தின் அமைதிக்கு அது உதவியது. ஆனால் சடங்கின் அறிவுக்கூறு நீங்கி, அதன் அமைதிக்கூறு மட்டும் எஞ்சியது.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு. தம் ஊர்ப் புல்வெளியில் லைப் நடந்து, குனிந்து, ஒவ்வொரு பூவாகத் தொடுகிறார். தாவரவியலாரின் கூர்மையோடும் உழவரின் பொறுமையோடும் காண்கிறார். அங்கு அவருக்குத் தெய்வம் தேவைப்படவில்லை. இந்தியப் பொருளைத் தொடும்போது அப்பொருள் முன்னரே புனிதமாகிவிடுகிறது. புனிதமானதற்கு வகை கேட்பாரில்லை. 2009இல் இத்தாலியின் டூரின் நகரக் கலைக்கூடமொன்றில் தென்னிந்திய அந்தணர்களைக் கொண்டு வேள்வி நிகழ்த்தியபோதும் இதுவே நேர்ந்தது. நெய்யும் சமித்தும் எம்மரத்தின, எப்பசுவின என்னும் வினாக்களுக்கு வேள்வி மரபில் விரிவான விடைகள் உண்டு. கலைக்கூடப் பார்வையாளருக்கு எஞ்சியது சுடரும் புகையும். அயல்நாட்டார் நம் பொருளை எடுத்தாள்கின்றனர் என்னும் வழக்கமான முறையீட்டை இங்கு எழுப்புவது நோக்கமன்று. ஐம்பதாண்டுத் தொடர்பு உடையவரை அவ்வாறு கூறுவது நேர்மையுமாகாது. அவருடைய அளவுகோலாலேயே அவரை அளந்தால் குறை இது என்பதே கருத்து. அவ்வளவுகோல் ஹேசல் புதரின் அடியில் உருவானது. நெல்வயலின் வரப்பில் ஊன்றப்படவில்லை.

உழைப்பின் வகையிலும் இது தெரிகிறது. தாதுப் படைப்பின் பெருமை, அதனைக் கலைஞரே சேகரித்தார் என்பதில் பாதி தங்கியுள்ளது. திறனாய்வாளர் எவரும் அதனைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அரிசியோ கடையில் வாங்கக் கூடியது. நாற்று விட்டவர், களை பறித்தவர், அறுத்தவர், அடித்தவர், குத்தியவர் யாரென்பது படைப்பினுள் நுழைவதில்லை. பளிங்கின் பக்கத்தில் குவிந்த அரிசி, எவரும் விளைவிக்காமல் தானே தோன்றியது போன்ற தூய்மையோடு இருக்கிறது. தமிழிலக்கிய மருதத்தில் நெல் ஒருபோதும் இவ்வாறு தனித்துக் கிடப்பதில்லை. களமர் இருப்பர், எருமை இருக்கும், மடையில் மீன் பிறழும்.

தாதும் அரிசியும் ஒரே படைப்பில் சேர்ந்து நிற்கும்போது வேறொரு பொருத்தமும் கைநழுவிப் போகிறது. அரிசி தாதின் விளைவே. நெற்பூ தன் தாதாலேயே பெரும்பாலும் கருவுறும் புல்லினப் பூ; கதிரில் ஒவ்வொரு பூவும் முற்பகலில் ஓரிரு மணி நேரமே உமி பிரிந்து திறந்திருக்கும், பின்னர் மூடிக்கொள்ளும். மூடியபின் உள்ளே பால் பிடிக்கும். பால் முற்றி அரிசியாகும். லைப்பின் முப்பொருள்களாகிய தாதும் பாலும் அரிசியும் ஒரே உமிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன என்பது உழவர் யாவரும் அறிந்தது. பால் பிடித்தல் என்னும் வழக்கே அதற்குச் சான்று. அவர் படைப்புகளிலோ பால் பசுவிடமிருந்தும், தாது ஹேசலிடமிருந்தும், அரிசி மூட்டையிலிருந்தும் வருகின்றன.

நெல்லின் தாது, பூவை விட்டு வெளிவந்த சில நிமிடங்களுக்குள் உயிராற்றலை இழந்துவிடும் என்பர். தானிய வகைகளுள் இத்துணைக் குறுகிய வாழ்வுடைய தாது அரிது. குப்பியில் இட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து அயல்நாட்டுத் தரையில் பரப்புவதற்கு அது நிறத்தாலும் அளவாலும் உரியதன்று. அதனைக் காண விரும்புவோர், கதிர் வெளிவந்த வாரத்தில், காலைப் பனி உலர்ந்தபின் வரப்பில் இறங்கி நிற்க வேண்டும். மதுரைச் சுற்றுவட்டாரத்து வயல்களில் அதற்கான வாய்ப்பு ஆண்டுதோறும் வருகிறது. லைப்பின் தாது வரிசையில் ஹேசல் உண்டு, பைன் உண்டு, டாண்டிலியன் உண்டு, நெல் இல்லை.